மரத் தேவாலயத்தின் பச்சைக் கண்ணாடி

1. கேள்வி

"எங்கட அப்பான்ர கண்ணாடி எங்கை?"

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாதைக்குக் கீழே இருந்த எங்கள் பட்டறையில் வைத்து மார்கரெட் என்ற ஆஸ்திரேலிய மூதாட்டி கேட்ட கேள்வி இது. கேட்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் வெள்ளைக்காரரோடு எத்தனை வருடம் வேலை செய்தும், அவர்கள் பேசுவது என் மண்டைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் இறங்கும். அப்படியே எழுதுகிறேன். இங்கிலீசில் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் முன்னால் அவருடைய ஊர்த் தேவாலயத்து ஜன்னல் லைற்பொக்ஸின் மேல் நின்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. லைற்பொக்ஸ் என்பது உள்ளே விளக்கு எரியும் பெரிய வெள்ளைப் பலகை. வேலை முடிந்த வண்ணக் கண்ணாடியை அதில் நிறுத்தித்தான் வாடிக்கையாளருக்குக் காட்டுவோம். சிவப்பு அங்கி போட்ட மேய்ப்பர், கையில் கோல், காலடியில் வெள்ளை ஆட்டுக்குட்டி. ஒரு கீறல் இல்லை. எங்கள் முதலாளி கொலின் கையைத் துடைத்துக்கொண்டு, பரிசு வாங்க மேடைக்குக் கீழே நிற்கும் பிள்ளை மாதிரிப் பக்கத்தில் நின்றார்.

மார்கரெட் ஜன்னலைப் பார்த்தார். கிட்டப் போய்க் கீழ்ப் பகுதியைப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கொலினுடைய முகத்தில் இருந்த சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வண்ணக் கண்ணாடி வேலைக்கும், பழைய பொருட்களைத் திருத்தும் எந்த வேலைக்கும் வரப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈயம் எப்படி உருக்குவது, கண்ணாடி எப்படி வெட்டுவது என்பதை யாரும் சொல்லித் தருவார்கள். இது வேறு விஷயம்.

2. எங்கள் பட்டறைச் சட்டம்

நான் அகதியாக வந்து பெட்ரோல் ஸ்ரேசன், சமையல்கூடம், பத்திரிகைக் கடை என்று எல்லாரும் போன வழியால்தான் போனேன். ஒருநாள் கடையின் கண்ணாடிக் கதவைத் திருத்த வந்த கொலினுக்குக் கூடமாட ஏதோ பிடித்துக் கொடுத்தேன். "உனக்குக் கை நடுங்கேல்லை. என்னோட வேலைக்கு வாறியோ?" என்றார். அந்த நாட்களில் எனக்குக் கை தவிர மற்றதெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓம் என்றேன். இளைப்பாறும் வரை அங்கேதான் இருந்தேன்.

பட்டறை கொலினுடைய பாட்டன் காலத்தது. வெள்ளைக்காரர் கப்பலேறிப் போன இடமெல்லாம் தேவாலயம் கட்டினார்கள். கட்டிய தேவாலயத்துக்கெல்லாம் லண்டனிலிருந்து ஜன்னல் போனது. அதில் கொஞ்சம் எங்கள் பட்டறையிலிருந்து போனது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் முழு அளவில் கரியால் வரைந்த வேலைப்படம் உண்டு. அதற்குத் தொழிலில் 'கார்ட்டூன்' என்று பெயர். சுருட்டிச் சுருட்டிப் பரண் முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். சேர்ந்த புதிதில் கார்ட்டூன் எடுத்து வா என்றதும் நான் சிரிப்புப் படம் தேடிய கதையைக் கொலின் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவார்.

பாட்டன் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. இங்கிருந்து போன ஜன்னல் திருத்தத்துக்குத் திரும்பி வந்தால், அது முதன்முதல் எப்படிப் போனதோ அப்படியே மறுபடி போகவேண்டும். இடையில் எவனோ வைத்த மட்டமான ஒட்டுகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும். "அது எங்கட கையெழுத்து. அதுக்கு மேல இன்னொருத்தன் கிறுக்க விடக்கூடாது" என்பார் கொலின். எனக்கும் அது நியாயமான சட்டமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயம் என்றுதான் சொல்லுவேன்.

வேலை பிரித்துத்தான் நடக்கும். கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பழைய ஈயப் பட்டிகளைக் கழற்றிப் பிரிப்பது நான். உடைந்த துண்டுக்குப் பதில் புதிது வெட்டி, வண்ணம் தீட்டி, சூளையில் சுடுவது கொலின். மறுபடி ஈயம் கட்டுவது நான். சீமெந்து பூசுவது, பெட்டி அடிப்பது, பட்டறையைத் துப்புரவாக வைத்திருப்பது சுதன். சுதன் சுவிசில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். அந்த நாட்டு ஒழுங்கு அவனுக்கு எலும்பு வரை இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடி போடும் பீப்பாயை, அதை எடுக்க வருகிற நாளில் வருகிற நேரத்துக்கு வாசலில் கொண்டுபோய் வைப்பான். லண்டன்காரன் மறந்தாலும் சுதன் மறக்கமாட்டான்.

3. பெட்டி வந்தது

மார்ச் மாதம் ஜன்னல் கப்பலில் வந்தது. பின்னாலே மார்கரெட் விமானத்தில் வந்தார். மகள் வெஸ்ட் ஈலிங்கில் இருந்தாள், அங்கேதான் தங்கினார். முதல் நாளே என்னைப் பார்த்து, "மகள் வீட்டுக்குப் பக்கத்தில உங்கட ஆக்களின்ர கோயில் ஒண்டு இருக்கு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள போய்ப் பார்த்திட்டு வந்தன். கச்சான் கடலை தந்தவை" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஜன்னலின் ஈயம் வயிறு ஊதியது மாதிரி வெளியே தள்ளியிருந்தது. கல்லுச் சுவரில் இருக்கிற ஜன்னலுக்கு இப்படி வருவது குறைவு. இது மரச் சுவர். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஊதும்போது நடுவில் இருக்கிற கண்ணாடியை நெரிக்கும். கொலினும் நானும் அதைத்தான் பேசினோம். அளந்தோம். ஜன்னலின் மரச் சட்டத்தில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று வாக்குவாதப்பட்டோம்.

கீழ்ப் பகுதியில், மேய்ப்பரின் காலடியில், வட்டமான ஒரு பச்சைக் கண்ணாடி இருந்தது. பெரிய சோற்றுக் கோப்பை அளவு. நீலம் கலந்த பச்சை. வண்ணம் தீட்டியதல்ல, வெறும் பச்சை. சுற்றிலும் ஈயத்துக்குப் பதில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மடித்து வைத்து, ஜன்னலுக்குப் பூசும் புட்டிப் பசை அப்பியிருந்தது. படத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிழிந்த பட்டுச் சேலைக்குச் சாரத் துணியில் ஒட்டுப் போட்டது மாதிரி இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். கொலின் பார்த்தார். மார்கரெட் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது பிழையான துண்டு என்பது கொலினுக்கு விளங்கின விஷயம்; அதைச் சொல்லி வாடிக்கையாளரை வெட்கப்படுத்துவானேன்? அதுதான் அந்த ஜன்னலின் உயிர் என்பது மார்கரெட்டுக்கு விளங்கின விஷயம். அதைப் போய் இவர்களுக்குச் சொல்லுவானேன்? இரண்டு பேருக்கும் விஷயம் அவ்வளவு வெளிச்சமாக இருந்ததால்தான் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

4. மார்கரெட் சொன்ன வரலாறு

அவர் கிழமைக்கு ஒருமுறையாவது பட்டறைக்கு வருவார். வரும்போது பிஸ்கட் கொண்டு வருவார். நான் வேறு வேலை செய்துகொண்டிருக்க, வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி அந்தத் தேவாலயத்தின் கதையைச் சொல்லுவார். துண்டு துண்டாகச் சொன்னதை ஒன்றாக்கி எழுதுகிறேன்.

மெல்பேர்னிலிருந்து காரில் அரை நாள் போகவேண்டிய இடம். அங்கே முதலில் தங்கம் கிண்ட வந்தவர்கள்தான் அதைக் கட்டினார்கள். கல்லும் இல்லை, கொத்தனும் இல்லை. காட்டில் நின்ற மரத்தை அறுத்து, பலகையை ஒன்றின்மேல் ஒன்று மீன் செதில் மாதிரி ஏற்றி அடித்த சுவர். நிலத்தில் முட்டாமல் மரக்கட்டைகளின் மேல் நிற்கும். கறையான் ஏறாதிருக்க ஒவ்வொரு கட்டைக்கும் தலையில் தகரத் தொப்பி. "கறையானுக்குச் சாமி ஏது, சமயம் ஏது?" என்றேன். "எங்கட ஊர்க் கறையானுக்குப் பக்தி கூட. முதல் தின்னுறது சேர்ச்சைத்தான்" என்றார்.

தங்கம் முடிந்தது. ஆட்கள் இருபது மைல் தள்ளி ரயில் வந்த இடத்துக்குப் போனார்கள். போகும்போது தேவாலயத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லை. நடுவால் அறுத்து, இரண்டு பாதியாக உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றி, மாடுகளைப் பூட்டி இழுத்துப் போனார்கள். அங்கே இரண்டையும் பொருத்தும்போது ஒரு பாதி ஒரு விரற்கடை பதிந்துவிட்டது. யாரும் அதைத் திருத்தவில்லை. பிரசங்க நேரத்தில் பிள்ளைகள் போளைக் குண்டை மெதுவாக விட்டால், அது தானாகவே உருண்டு போதகரின் காலடியில் போய் நிற்குமாம். தானும் விட்டிருப்பதாகச் சொன்னார் மார்கரெட், எழுபது வயதுக்கு மேலே ஒரு குறும்புச் சிரிப்போடு.

ஒரே கட்டடத்தைப் பல சபைக்காரர் பாவித்தார்கள். இந்த ஞாயிறு ஒரு சபை, அடுத்த ஞாயிறு இன்னொரு சபை. ஒரு கிழமை முழங்காலில் நின்று செபிப்பார்கள். மறு கிழமை முழங்காலில் நிற்பவனை முறைத்துப் பார்ப்பார்கள். வெயில் காலத்தில் அயலில் உள்ள ஆடுகள் தேவாலயத்துக்குக் கீழே நிழலுக்கு வந்து படுத்துவிடும். பாட்டு நடுவில் அவை எழும்பினால் கொம்பு பலகையில் முட்டும். "போதகர் சில நேரம் அதுக்கும் ஆமென் சொல்லிப்போடுவார்."

அந்த ஜன்னல் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் லண்டனிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தது. மார்கரெட் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேங்காய் அளவு ஆலங்கட்டி விழுந்து கீழ்ப் பகுதி உடைந்தது என்றார். தேங்காய் அளவு என்பதை நான் நம்பவில்லை. ஊரில் அடித்த புயலைப்பற்றி நாங்கள் சொல்வதில்லையா, அந்த மாதிரித்தான். பிறகு ரயில் போனது. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கடை மூடியது, பள்ளிக்கூடம் மூடியது. எங்கள் ஊரிலும் யுத்தத்தில் தண்டவாளம் கழன்று, சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போனதை நான் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மிஞ்சியது தேவாலயம் மட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை. சபை மேலிடத்தார் அதையும் விற்றுவிடப் பார்த்தார்கள். ஜன்னலைத் திருத்திக் கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருந்தால் விற்பதில்லை என்று ஒருவழியாகச் சொல்லியிருந்தார்கள். மார்கரெட் அதற்காகத்தான் கடல் கடந்து வந்திருந்தார். ஆலங்கட்டி உடைத்ததற்குப் பிறகு ஜன்னலை யார் திருத்தினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

5. கொலினின் பரிசு

வன்னியில் போர் முடிந்த அந்த ஏப்ரலும் மேயும் லண்டன் தமிழருக்கு எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை. நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். நானும் நின்றேன். சுதன் வேலை முடிய வந்து நிற்பான். "போ ரவி. உன்ர வேலையை நான் பார்த்துக்கொள்ளுறன். போன் வந்தால் எடுத்துச் சொல்லுறன்" என்று கொலின் கேட்காமலே லீவு தந்தார். வன்னியில் இருந்த என் அக்காவின் குடும்பத்தைப்பற்றி ஏதாவது செய்தி வருமா என்று அந்த மனிதர் பட்டறைப் போனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுத இவ்வளவு காலம் தயங்கினேன்.

அப்படி நான் இல்லாத நாட்களில் கொலின் தன் கையாலேயே ஜன்னலைக் கழற்றினார். நான் இருந்திருந்தால் பச்சைத் துண்டை எடுத்து வைத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். பொய். நானும் அதைக் கொண்டுபோய்ப் பீப்பாயில்தான் போட்டிருப்பேன்.

பரணில் தேடி அந்த ஜன்னலின் கார்ட்டூனைக் கண்டுபிடித்துவிட்டார். பாட்டனின் காலத்து வரைபடம், ஓரங்களை எலி அரித்திருந்தது. பச்சை வட்டம் இருந்த இடத்தில் அதில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. மேய்ப்பரின் அங்கியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கொலின் வெறி பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். மார்கரெட் கேட்டது ஊதின ஈயத்தைத் திருத்தச் சொல்லி மட்டும்தான். ஆட்டுக்குட்டியை அவர் கேட்கவில்லை. "கிழவி உலகத்தின்ர அடியில இருந்து வந்திருக்கு. சும்மா செய்து குடுப்பம். சொல்லாமல் வைச்சிருந்து காட்டுவம்" என்றார் கொலின்.

முதல் குட்டி சூளையில் வெடித்துப்போனது. இரண்டாவது சரிவந்தது. கம்பளியை அவர் தூரிகையால் தீட்டவில்லை. கறுப்பு வண்ணத்தைப் பூசி, காயவிட்டு, தூரிகைக் காம்பின் கூரால் சுருள் சுருளாகக் கீறி எடுத்தார். காதுக்குப் பின்னால் வெள்ளி மருந்து பூசிச் சுட்டு, ஒரு பொட்டு மஞ்சள் வெயில் விழவைத்தார். நான் வேலைக்குத் திரும்பி வந்தபோது எனக்கு உலகத்தில் எதையுமே பார்க்கப் பிடிக்காத நேரம். அந்த நேரத்திலும் அந்தக் குட்டியைப் பார்த்து நின்றேன். அவ்வளவு அழகு. அதைச் சுற்றி ஈயம் கட்டியது நான்தான்.

இடைப்பட்ட மூன்று கிழமையும் மார்கரெட் வந்தால், "முடிஞ்சாப் பிறகு பாருங்கோ" என்று கொலின் கதவடியிலேயே மறித்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

6. பிள்ளையார் பிடிக்கப் போய்

"எங்கட அப்பான்ர கண்ணாடி எங்கை?" என்று அவர் கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. கொலினுக்கும் விளங்கவில்லை. "எந்தக் கண்ணாடி?" என்றார்.

"பச்சைக் கண்ணாடி. சிக்னல் கண்ணாடி."

பிறகுதான் சொன்னார். அவருடைய தகப்பன் அந்த ஊரில் தண்டவாளம் பராமரிக்கிற கூலியாள். ஆலங்கட்டி விழுந்த கிழமை, தகப்பன் ஏணி வைத்து ஏறி, ஸ்ரேசனில் கிடந்த சிக்னல் விளக்கின் பச்சைக் கண்ணாடியை அந்த ஓட்டையில் பொருத்தினார். மழை வரப் பார்த்தது, வேறு கண்ணாடி இல்லை. போதகருக்குப் பிடிக்கவில்லை. லண்டனுக்கு எழுதிப் புதிதாக எடுப்பிப்போம் என்றார். அதற்குள் வெயில் வந்து பச்சை வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஊரார், இது இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். காய்ந்து வெடித்த அந்த ஊரில் வருடம் முழுக்கப் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். ரயில் போன பிறகு, ரயில் வந்து போன ஊர் என்று சொல்ல மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

"அழகான ஆட்டுக்குட்டி" என்றார் மார்கரெட், கடைசியில். "ஆனால் எங்களுக்கு ஆட்டுக்கு என்ன குறை கொலின்? கீழ நிறையப் படுத்துக் கிடக்குதே."

சிரிக்கத்தான் சொன்னார். சிரிக்க ஒருவராலும் ஏலவில்லை. கொலின் பட்டறைச் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். பாட்டன், வேலைப்படம், முதன்முதல் போன மாதிரி என்று. பாதியில் நிறுத்திவிட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். "ஒரு பரிசாத்தான்..." என்றார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே. நான் இஞ்சைதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தன். நான் இல்லாட்டி அங்க பத்துப் பேர் இருக்கினம். எல்லாரிட்டையும் போன் இருக்கு."

கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். சுதன் பின்பக்கம் ஓடிப்போய்ப் பீப்பாயைப் பார்த்துவிட்டு வந்தான். எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னான்: "ரவியண்ணை, அது நான் வெளியில வைச்சு மூண்டு கிழமை. ஒரு நாளும் பிந்தாத நான், ஒருக்காப் பிந்தியிருக்கக் கூடாதோ?" அவன் கண் கலங்கியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சொல்லுவார்கள். இங்கே பிடித்தது உண்மையிலேயே அருமையான பிள்ளையார். இருந்த சாமியைத் தூக்கி எறிந்துவிட்டு அதை வைத்ததுதான் பிழை.

7. கண்ணாடி மலை

அடுத்த நாள் நானும் சுதனும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்தில் உடைந்த கண்ணாடி சேர்க்கும் யார்டுக்குப் போனோம். மலை மலையாய்க் குவிந்து கிடந்தது. அதில் பச்சைக்கென்று ஒரு தனி மலை. அங்கே நின்றவன், "பழசெல்லாம் உருக்கப் போயிட்டுது. இருந்தாலும் உங்கட ஆசை" என்று கையுறை தந்தான். மத்தியானம் வரை கிளறினோம். வைன் போத்தல், பியர் போத்தல், பூச்சாடி, தெருவிளக்கு. சிக்னல் பச்சையில் நீலம் கலந்திருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் அதோடு சேர்ந்தால்தான் தூரத்துக்குச் சரியான பச்சையாகத் தெரியும். அந்த நிறம் அங்கே இல்லை.

கொலின் வேறு வழியால் போனார். பழைய ரயில் சாமான் சேர்க்கிறவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, கடைசியில் ஒரு சிக்னல் கண்ணாடியோடு வந்தார். இங்கிலாந்தில் எங்கேயோ ஒரு ஸ்ரேசனில் இருந்தது. அதே வட்டம், கிட்டத்தட்ட அதே பச்சை. மார்கரெட்டை வரச்சொல்லி, "ஆட்டுக்குட்டியைக் கழட்டிப்போட்டு இதை வைக்கிறன். ரெண்டு நாள் வேலை. ரவி தகரத்தாலயே கட்டித் தருவான்" என்றார். தன் வாழ்க்கையிலே செய்த நல்ல வேலையைத் தன் கையாலேயே கழற்ற அவர் தயாராக இருந்தார்.

மார்கரெட் அந்தக் கண்ணாடியை வாங்கி, வாசலில் போய் நின்று, வெளிச்சத்துக்குப் பிடித்து அதற்குள்ளால் ரோட்டைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு கொலினின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல பச்சை. ஆனால் இது வேற ஆரின்ரயோ ஸ்ரேசன். அப்பா வைச்சது எண்டு அங்க போய் நான் பொய் சொல்ல ஏலாது. அவையும் நம்பின மாதிரி நடிக்க வேண்டி வரும். குட்டி இருக்கட்டும்."

"குட்டி வேண்டாம் எண்டு நினைச்சியள் எண்டால்..." என்று தொடங்கினார் கொலின்.

"வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை கொலின். இனி இதுதான் எங்கட ஜன்னல்."

சுதன் பெட்டி அடித்தான். நான் ஜன்னல் சட்டத்துக்கு நாலு பக்கமும் மரம் மூச்சுவிட இடம் விட்டு, எப்படிச் சுவரில் பூட்டுவது என்று படம் வரைந்து உள்ளே வைத்தேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மார்கரெட் ஒருமுறை பட்டறைக்கு வந்தார். என் அக்காவைப்பற்றி ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டார். முகாமில் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்றேன். என்னைக் கட்டிப்பிடித்தார். கொலினையும் கட்டிப்பிடித்தார். கொலின் மரக்கட்டை மாதிரி நின்றார்.

8. போன்

நவம்பரில் ஒரு காலையில் போன் வந்தது. கொலின் எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

ஜன்னலைச் சுவரில் பூட்டியாயிற்று, பொருத்தம் அளவெடுத்தது மாதிரி, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள், எல்லாரும் ஆட்டுக்குட்டியைத்தான் மெச்சினார்கள் என்றார் மார்கரெட். மேலிடத்தார் இப்போதைக்கு விற்கமாட்டார்கள் என்றார். கொலினுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. "அப்ப சரி. அப்ப சந்தோசம்" என்றார்.

"ஒரு சின்ன விசயம். சொல்லாமல் விடலாம்தான். ஆனால் கேட்டால்தான் உங்களுக்கும் விளங்கும். டொம் எண்டு ஒராள் இருக்கிறார், என்னோட படிச்சவர். அவர் இருக்கிற வாங்கில ரெண்டாவது பாட்டு நேரம் பச்சை வெளிச்சம் வந்து நேர முகத்தில விழும். கண் கூசும். அவர் பாடிக்கொண்டே ஒராள் அளவு தள்ளி இருப்பார். பக்கத்தில இருக்கிறவையும் தள்ளுவினம். அந்த வாங்கு முழுக்க அப்பிடியே நகரும். எனக்கு அறிவு தெரிஞ்ச நாளில இருந்து அப்பிடித்தான்."

"ஓம்" என்றார் கொலின்.

"போன ஞாயிறும் ரெண்டாவது பாட்டு வந்தது. டொம் தள்ளி இருந்தார். எல்லாரும் தள்ளி இருந்தம். வெளிச்சம் வந்தது, வெள்ளையா. நகர்ந்துபோட்டு ஆளையாள் பார்த்தம்."

"பிறகு?"

"பிறகென்ன, பாட்டைப் பாடி முடிச்சம்."

கொலின் மன்னித்துக்கொள்ளுங்கோ என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நீங்கள் கெட்டது செய்யேல்லை கொலின். கேக்காமல் நல்லது செய்திட்டியள்" என்றார் மார்கரெட்.

அதோடு பட்டறைச் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு எந்த ஜன்னல் வந்தாலும், கண்ணுக்குப் பிழையாகத் தெரியும் துண்டு ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, இதை வைத்தது யார், இது உங்களுக்கு வேண்டுமா என்று கொண்டுவந்தவரைக் கேட்காமல் நாங்கள் ஒன்றையும் கழற்றவில்லை. பலர், குப்பையில் போடுங்கள் என்பார்கள். சிலர் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கதை சொல்லத் தொடங்குவார்கள். நூறு பேரில் ஒருவர் சொன்னாலும் கேட்டது வீண் இல்லை. நீங்களும் கேளுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேளுங்கள்.

கொலின் இறந்து சில வருடமாகிறது. அந்த ஆட்டுக்குட்டியைப்பற்றி அவர் முன்னால் நாங்கள் ஒருவரும் மறுபடி பேசவில்லை. அதன் படத்தையும் அவர் சுவரில் மாட்டவில்லை. நான் அந்தப் பட்டறையில் பார்த்த வேலைகளிலே அதுதான் மிகச் சிறந்த வேலை. அதை அவருக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.